நல்ல ஓட்டை, கெட்ட ஓட்டை

கலவையில் எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியின் திரையில் இரண்டு முகடுகள் எழும். ஒன்று புரோப்பேன், இன்னொன்று புரோப்பிலீன். சவ்வு ஒழுங்காக வேலை செய்தால் புரோப்பிலீன் முகடு மலை மாதிரி நிற்கும், புரோப்பேன் அதன் பக்கத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்ன மேடாகக் கிடக்கும். சவ்வு வளர்த்த என்னுடைய முதல் பதினோரு வில்லைகளிலும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் வந்து நின்றன. நாலைந்து நாள் மெனக்கெட்டு வளர்த்த படிகப் படலம் எதையும் பிரிக்கவில்லை, உள்ளே போன கலவை போனபடியே மறுபக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைவிடக் கொடுமை, அதே வில்லைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்கும். பட்டை தீட்டிய கல் மாதிரி படிகங்கள், இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு.

மாஃப் என்னும் நுண்துளைப் படிகங்களுக்காக 2025 வேதியியல் நோபல் பரிசு ரிச்சர்ட் ராப்சன், சுசுமு கிடகாவா, ஓமர் யாகி மூவருக்கும் அறிவிக்கப்பட்ட அன்று, நான் அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தும், தெரிந்தவர்கள் வரிசையாக மெசேஜ் அனுப்பினார்கள். "நீ ஏதோ இதைத்தானே பண்ணிக்கொண்டிருந்தாய்?" ஆமாம், இதைத்தான். ஆனால் செய்திகளில் வந்த மாஃப் வேறு, நான் மல்லுக்கட்டிய மாஃப் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உலோக-கரிமக் கட்டமைப்பு என்பது தமிழில் கொஞ்சம் வாய் நிறையும் பெயர், ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது மாஃப்தான். உலோக அயனிகள் மூலைகளில் முடிச்சாக நிற்கும், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கம்பிகளாக ஓடும், நடுவில் வெற்றிடம். இந்த யோசனை முளைத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1974-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராப்சன் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க மர உருண்டைகளும் குச்சிகளும் கொண்டு மூலக்கூறு மாதிரிகள் செய்யச் சொல்கிறார். உருண்டையில் எந்தெந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. துளை சரியான இடத்தில் இருந்துவிட்டால் குச்சியைச் செருகச் செருக வடிவம் தானாகவே அமைந்துவிடுகிறதே என்று அப்போது அவருக்குப் பட்டது. அப்படியானால் உண்மையான அணுக்களை வைத்தும் இப்படிக் கட்டலாமே? அதைச் செய்து பார்த்து வெளியிட 1989 ஆகிவிட்டது. தாமிர அயனி, நான்கு கை கொண்ட ஒரு கரிம மூலக்கூறு, வைரத்தின் அமைப்பு, ஆனால் உள்ளே பெரிய பெரிய குழிகள். அது பலமில்லாதது, சீக்கிரம் குலைந்துவிடும். 1997-இல் கிடகாவா, உள்ளேயிருக்கும் நீரை எடுத்துவிட்டாலும் சிதையாமல் நின்று மீத்தேனையும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உள்வாங்கி வெளிவிடும் கட்டமைப்பைக் காட்டினார். 1999-இல் யாகியின் மாஃப்-5. காலியாக இருக்கும்போதே 300 டிகிரி வரை தாங்கியது. அதன் சில கிராம் பொடிக்குள் ஒரு கால்பந்து மைதானப் பரப்பு மடிந்து கிடக்கிறது என்ற ஒப்புமை எல்லாச் செய்தியிலும் வந்தது, நீங்களும் படித்திருப்பீர்கள்.

அந்த மைதானக் கணக்கு சரிதான். ஆனால் சவ்வு செய்பவனுக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. உட்பரப்பு எவ்வளவு என்பது வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டியவர்களின் கவலை. சவ்வில் வாயு தங்குவதில்லை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். அதனால் அறை எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் பட்சம், அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள ஜன்னல் எவ்வளவு குறுகலானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எதற்கு இந்தப் பாடு? புரோப்பிலீனையும் புரோப்பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் செய்ய 99.5 சதவீதத் தூய்மையில் புரோப்பிலீன் வேண்டும். ஆலையில் அது வருவதோ புரோப்பேனோடு கலந்து. இரண்டிலும் மூன்று கார்பன்தான், ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன் குறைவு, அவ்வளவே வித்தியாசம். கொதிநிலை ஒன்றுக்கு மைனஸ் 47.6 டிகிரி, மற்றதற்கு மைனஸ் 42.1. இந்த ஐந்தரை டிகிரி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் காய்ச்சி வடிக்கிறார்கள். அதற்கு நூறுக்கு மேற்பட்ட தட்டுகள் கொண்ட கோபுரம் வேண்டும், சில இடங்களில் இருநூறைத் தாண்டும். மேலே ஏறிக் குளிர்ந்த திரவத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் கீழே விட்டு, மறுபடி ஆவியாக்கி, மறுபடி குளிர்வித்து... ஒரே திரவத்தைப் பத்துப் பதினைந்து தடவை மாடிப்படி ஏற்றி இறக்குவது மாதிரி. 2016-இல் டேவிட் ஷோலும் ரயன் லைவ்லியும் 'நேச்சர்' இதழில் எழுதிய ஒரு கருத்துரை, எத்திலீன், புரோப்பிலீன் இரண்டைத் தூய்மையாக்குவதற்கு மட்டும் உலகத்தின் மொத்த ஆற்றலில் 0.3 சதவீதம் போகிறது என்று கணக்குச் சொன்னது. அமெரிக்காவில் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்கவே செலவாகிறது என்றும் அதே கட்டுரையில் உண்டு. புதிதாக எதையும் செய்யாமல், கலந்ததைப் பிரிக்க மட்டும்.

சவ்வு என்றால் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் அழுத்தம் குறைவு, நடுவில் ஒரு வடிகட்டி. கேட்க ரொம்ப எளிது.

இங்கே அளவுகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் மூலக்கூறு 2.89 ஆங்ஸ்ட்ராம், கார்பன் டை ஆக்சைடு 3.3, ஆக்சிஜன் 3.46, நைட்ரஜன் 3.64, மீத்தேன் 3.8. காற்றையும் இயற்கை எரிவாயுவையும் புகைபோக்கி வாயுவையும் பிரிக்கிற பிழைப்பு மொத்தமும் இந்த ஒரு ஆங்ஸ்ட்ராம் அகலச் சந்துக்குள் நடக்கிறது. சாதாரண பாலிமரில் அந்தச் சந்தை நினைத்த அளவுக்கு வைக்க முடியாது. சங்கிலிகள் நூடுல்ஸ் மாதிரி சிக்கிக்கிடக்கும், இடைவெளிகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், வேகம் வேண்டுமென்றால் தேர்வுத்திறனை, அதாவது ஒரு வாயுவை மற்றதைவிட எத்தனை மடங்கு அதிகமாக விடுகிறது என்பதை, விட்டுக்கொடுக்க வேண்டும். லாயிட் ராபசன் 1991-இல் கையில் கிடைத்த அளவீடுகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, பாலிமர்கள் தாண்டாத ஒரு சாய்கோட்டை வரைந்தார். 2008-இல் அதைக் கொஞ்சம் மேலே தள்ளி வரைய வேண்டியிருந்தது. மாஃப் படிகமோ எல்லா ஜன்னலும் ஒரே அளவு. அந்தக் கோட்டுக்கு மேலே போக இதைவிடச் சரியான பொருள் இல்லை என்று எல்லோரும் துள்ளிக் குதித்ததில் ஆச்சரியமில்லை.

துள்ளிய உடனே ஒரு வேடிக்கை நடந்தது. துத்தநாகமும் மெத்தில் இமிடசோலும் சேர்ந்த ஜிஃப்-8 என்ற மாஃப், அதன் ஜன்னல் எக்ஸ்-ரே கணக்குப்படி 3.4 ஆங்ஸ்ட்ராம். மேலே உள்ள வரிசையைத் திரும்பப் பாருங்கள். 3.3 போகும், 3.64 போகாது. கார்பன் டை ஆக்சைடையும் நைட்ரஜனையும் பிரிக்கக் கடவுளே செய்து கொடுத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? செய்து பார்த்தால் மீத்தேனும் உள்ளே போய்விடுகிறது, நைட்ரஜனும் போய்விடுகிறது. காரணம், எக்ஸ்-ரே சொல்லும் ஜன்னல் சராசரி ஜன்னல். அந்த இமிடசோல் வளையங்கள் சும்மா நிற்பதில்லை. இருபக்கமும் ஆடும் தட்டிக் கதவு மாதிரி ஊசலாடிக்கொண்டே இருக்கும், இடிக்கிற மூலக்கூறு கொஞ்சம் தள்ளினால் வழிவிடும். அந்த ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் ஜன்னலின் நிஜ அளவு நாலு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேலே வருகிறது. சரி, நைட்ரஜன் கதை போயிற்று. ஆனால் நாலுக்குச் சற்று மேலே என்றால் அங்கேதானே புரோப்பிலீனும் புரோப்பேனும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன! 2009-இல் ஜிங் லீயின் குழு, ஜிஃப்-8 படிகத்துக்குள் புரோப்பிலீன் புரோப்பேனைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக நகர்கிறது என்று அளந்து சொன்னது. யாரும் அதற்காக வடிவமைக்காத ஒரு பொருள், உலகத்தின் மிகக் கடினமான பிரிப்புகளில் ஒன்றுக்குப் பொருந்தி வந்தது. 'நினைத்தபடி வடிவமைக்கலாம்' என்று மாஃப் கட்டுரைகளின் முதல் பத்தியில் வரும் வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

2009-இலேயே ஹானோவரில் யூர்கன் காரோவின் குழு ஜிஃப்-8-ஐத் தொடர்ச்சியான படலமாக வளர்த்து ஹைட்ரஜனையும் மீத்தேனையும் பிரித்துக் காட்டியது. 2012-இல் சவுதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜிபிங் லாயின் குழு புரோப்பிலீன்-புரோப்பேனுக்கே அதைப் பயன்படுத்தியது. அப்புறம் வருடாவருடம் தேர்வுத்திறன் எண்கள் ஏறின. நான் உள்ளே வந்தது அந்த ஏற்றத்தின் நடுவில், முப்பது நாற்பதெல்லாம் சுலபம் என்ற நினைப்போடு.

இப்போது கெட்ட ஓட்டைக்கு வருவோம். ஜன்னல் நல்ல ஓட்டை. இரண்டு படிகங்கள் ஒட்டும் இடத்தில் ஒட்டாமல் விட்ட இடுக்கு கெட்ட ஓட்டை. கெட்ட ஓட்டைக்கு மூலக்கூறின் அளவு ஒரு பொருட்டே இல்லை, அதன் வழியாகப் போகும் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. புரோப்பேன் எடை 44, புரோப்பிலீன் 42. வித்தியாசம் இரண்டரை சதவீதம்கூட முழுதாக வராது. ஆக, இரண்டும் சமமாகவே தப்பித்துப் போகும்.

பாதிக்குப் பாதி கலவை, குறையே இல்லாத சவ்வு, தேர்வுத்திறன் 100 என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் 100 பங்கு புரோப்பிலீன் வந்தால் 1 பங்கு புரோப்பேன் வரும், தூய்மை 99 சதவீதம். இதில் கெட்ட ஓட்டைகள் வழியாக இரண்டு வாயுவும் தலா 2 பங்கு கசிகின்றன என்றால் 102-க்கு 3. நூறாக இருந்தது முப்பத்து நாலாகிவிட்டது. தலா 10 பங்கு கசிந்தால் 110-க்கு 11, வெறும் பத்து. மொத்த ஓட்டத்தில் கசிவு கொஞ்சம்தான், ஆனால் அது தாக்குவது சிறுபான்மை எண்ணை.

சரி, அந்த 2 பங்கு கசிய எவ்வளவு ஓட்டை வேண்டும்? இதை ஒரு ராத்திரி உட்கார்ந்து தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு மைக்ரான் தடிமனான படலம், பத்து நானோமீட்டர் அகல இடுக்குகள். அப்படிப்பட்ட இடுக்கில் வாயு போகும் வேகம், அதே பரப்புள்ள ஜிஃப்-8-இல் போவதைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல். அப்படியானால் சவ்வின் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இடுக்காக இருந்தால் போதும், கதை முடிந்தது. என் வில்லையின் குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர். அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒரே இடத்தில் கூட்டி வைத்தால் ஒரு தலைமுடியின் குறுக்குவெட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது ஒரே இடத்தில் இருந்தாலாவது கண்டுபிடிக்கலாம், இது லட்சக்கணக்கான இடுக்குகளாக வில்லை முழுக்கச் சிதறிக் கிடக்கும். நுண்ணோக்கியில் நான் பார்த்து ரசித்த 'இடைவெளியே இல்லாத' படங்களுக்கு இதுதான் விளக்கம். கணக்கு முடிந்ததும் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது, என் கை மட்டும் மோசம் இல்லை.

வில்லை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன், இதில் எங்கே தப்பு வரும் என்பது அப்போதுதான் புரியும். அலுமினா பொடியை அச்சில் போட்டு அழுத்தி, உலையில் சுட்டு, ஒரு முகத்தை மணல்தாளில் மெருகேற்ற வேண்டும். இதுவே தாங்கி. தாங்கியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் படலம் அந்தக் கீறலை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதைத் துத்தநாக உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு மெத்தில் இமிடசோலும் சோடியம் ஃபார்மேட்டும் கரைத்த மெத்தனாலில் நிறுத்தி, மூடிய எஃகுக் கலத்தில் 120 டிகிரியில் சில மணி நேரம். உள்ளிருந்து துத்தநாகம் வெளியே வரும், வெளியிலிருந்து இமிடசோல் உள்ளே போகும், சந்திக்கும் இடத்தில் படிகம் விளையும். இந்த முறையில் ஒரு சாமர்த்தியம் உண்டு: எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் இரண்டும் சந்திக்க முடியும், அதனால் ஓட்டை தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். கொள்கை அளவில்.

அதற்கப்புறம் கழுவி உலர்த்துவது. இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், என் பதினோரு வில்லைகளில் பாதிக்கு மேல் செத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். இடுக்குகளுக்குள் இருக்கும் மெத்தனால் ஆவியாகும்போது சுவர்களை உள்நோக்கி இழுக்கும். வேகமாக உலர்ந்தால் இழுவையும் திடீரென்று வரும், படலம் விரிசல் விடும். ஒரு தடவை அவசரத்தில் சூடான அடுப்பில் வைத்தேன், காலையில் எடுத்துப் பார்த்தால் வறண்ட ஏரித் தரை. அதற்குப் பிறகு மூடிய பெட்டிக்குள் ஒரு கிண்ணம் மெத்தனாலையும் வைத்து, மூடியை நூலளவு திறந்துவிட்டு, நாட்கணக்கில் காயவிட்டேன். பன்னிரண்டாவது வில்லையில் முதல்முறையாகப் புரோப்பேன் முகடு குட்டையாக வந்தது.

பொடியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது என்பதுதான் வயிற்றெரிச்சல். கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசுவின் குழு உருவாக்கிய கால்ஃப்-20 என்ற துத்தநாக மாஃப், ஈரப்பதம் இருக்கும்போதும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. ஸ்வான்டே என்ற கனடிய நிறுவனம் அதைச் சிமெண்ட் ஆலைப் புகையில் வைத்துச் சோதித்தது, பி.ஏ.எஸ்.எஃப். அதைப் பெருமளவில் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. அங்கே ஆயிரம் பொடிமணிகளில் பத்து மணி உடைந்திருந்தால் என்ன நஷ்டம்? ஒரு சதவீதம் குறைவாக உறிஞ்சும். சவ்வில் பத்து லட்சத்தில் ஒன்று கெட்டால் மொத்தமும் கெட்டது. ஒரே பொருள், இரண்டு விதி.

நடுவழி ஒன்று உண்டு. மாஃப் பொடியைப் பாலிமரில் கலந்து சவ்வாக வார்ப்பது. இடுக்குகளைப் பாலிமர் நிரப்பிக்கொள்ளும், பாலிமர் சவ்வை நூல் மாதிரி மெல்லிய குழாய்களாக இழுக்க ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்திலேயே செய்யலாம், ஆலைக்காரர்களுக்கும் இது பழகிய வடிவம். ஹைட்ரஜனை மீட்கும் பாலிமர் சவ்வுகளை மான்சாண்டோ 1980 வாக்கிலேயே விற்க ஆரம்பித்துவிட்டதே. ஆனால் பொடி குறைவாக இருந்தால் பாலிமரின் குணமே தூக்கலாக நிற்கும், பொடியைக் கூட்டினால் மணிக்கும் பாலிமருக்கும் நடுவில் ஒட்டாமல் புதிய இடுக்கு வரும். கெட்ட ஓட்டை வேறு வேஷத்தில். இருந்தாலும் தொழிற்சாலைக்குள் முதலில் நுழையப்போவது இந்தக் கலப்பினம்தான் என்பது என் கணிப்பு. தூய படிகப் படலம் பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் சரி.

கம்பீரமான வேலைகள் நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் ஒரு குழு, மின்புலத்தில் வைத்து இருபது நிமிடத்தில் ஜிஃப்-8 படலத்தை வளர்த்தது. அப்படி வளர்ந்த கட்டமைப்பு சற்றே வேறு உருவத்தில் உறைந்து, அந்த ஊசலாடும் கதவுகள் விறைத்துப்போயின. அவர்களே அதற்கு 'முடங்கிய சவ்வு' என்று பெயர் வைத்தார்கள். புரோப்பிலீன்-புரோப்பேன் பிரிப்பு 300-ஐத் தாண்டியது. 2022-இல் முகமது எத்தாவுதியின் குழு, சிர்க்கோனியம் மாஃப் ஒன்றின் மூவிதழ் ஜன்னலில் ஒரு இணைப்பு மூலக்கூறை மட்டும் மாற்றி ஜன்னலைக் கோணலாக்கியது. நைட்ரஜன் நீளவாக்கில் நுழைந்துவிடும், உருண்டையான மீத்தேன் எப்படித் திரும்பினாலும் மாட்டிக்கொள்ளும். அளவை விட்டுவிட்டு உருவத்தை வைத்து மறிப்பது. 3.64-க்கும் 3.8-க்கும் நடுவே கோடு கிழிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இது ரொம்ப நேர்த்தியான பதில், படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

ஆனாலும் ஒரு எண்ணை யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. வில்லை எவ்வளவு பெரியது? பெரும்பாலும் நாணயம் அளவு, ஆலைக்கு வேண்டியதோ ஆயிரக்கணக்கான சதுர மீட்டர். எவ்வளவு அழுத்தத்தில் அளந்தீர்கள்? ஒரு பார் அழுத்தத்தில் (ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளந்த எண் பத்து பாரில் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியாகவா, கலந்தா? ஈரமும் அமில வாயுவும் சேர்ந்து வந்தால் ஜிஃப்-8 அரிக்கப்படும், அதைப் பார்த்தீர்களா? அப்புறம் கடைசிக் கேள்வி, இதற்கு மட்டும் நேரான பதில் வராது: எத்தனை வில்லை செய்து அதில் எத்தனை தேறியது?

என் கணக்கில் பதினேழில் நாலு. அந்த நாலில் சிறந்தது பதினான்காவது, தேர்வுத்திறன் முப்பத்தெட்டு. இரண்டு வாரம் இரவும் பகலும் ஓட்டினேன், எண் அசையவில்லை. ஆய்வுக்கூட்டத்தில் காட்டினோம், அதற்குப் பிறகு வேறு வாயுக் கலவைக்கு மாற்றுவதற்காகக் கலத்தைத் திறந்து, ரப்பர் வளையத்தை மாற்றி, நாலு திருகையும் ஒவ்வொன்றாக, எதிரெதிராக, சாவியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி இறுக்கினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் திரையில் இரண்டு முகடுகளும் ஒரே உயரம்.

வில்லையை எடுத்து, தங்கம் பூசி, நுண்ணோக்கிக்குள் வைத்து இரண்டு மதியம் முழுக்க அங்குலம் அங்குலமாகத் தேடினோம். விரிசல் எதுவும் தென்படவில்லை. நாற்பது படம் எடுத்தோம், எல்லாமே அழகாக இருந்தன, அதில் ஒன்றைத்தான் கடைசியில் ஆய்வேட்டின் அட்டைக்குப் போட்டேன்.